பெண்டிழந்தான் சுழி

கனகம்மாசத்திரம்,
19-8-2024

அன்புள்ள ஜெயாவுக்கு,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். வாட்ஸ்அப்பிலும் செய்துவிட்டாய். மோனிஷா மூலம் சமாதானம் பேசலாம் என்று பார்த்தால், நம் மகள் சென்னையில் உட்கார்ந்துகொண்டு, "நைனா, நான் இதுல தலையிட மாட்டேன், அம்மா என்னையும் பிளாக் பண்ணிடும்" என்கிறாள். போஸ்ட்மேனை பிளாக் செய்ய இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. ஆகையால் முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய ஒரே கடிதத்தில் மூன்று பிழை என்று இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாய். இதில் எத்தனை என்று எண்ணிச் சொல்.

நேரில் வரவில்லை என்று நீ சொல்ல முடியாது. போன வியாழக்கிழமை ஆர்.கே.பேட்டைக்கு வந்தேன். உன் தம்பி வளவன் கேட்டைத் திறந்தான். "குதிரை நாத்தத்தோட இந்த வாசப்படி ஏறக் கூடாதுன்னு சொல்லுடா" என்று நீ உள்ளேயிருந்து போட்ட சத்தம் அவன் பவர்லூம் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நான் குளித்துவிட்டுத்தான் வந்தேன், ஜெயா. இரண்டு தடவை சோப்புப் போட்டேன்.

உன் கை எப்படி இருக்கிறது? கட்டு எப்போது பிரிப்பார்கள்? துணி துவைக்கிற கல்லுப் பக்கம் பாசி பிடித்திருக்கிறது என்று நான் எத்தனை நாளாகச் சொன்னேன். அந்தப் பாசியில் வழுக்கியது. குதிரை அப்போது இருபது அடி தள்ளி நின்று கொள்ளு தின்றுகொண்டிருந்தது. அதற்கு இதில் சம்பந்தமே இல்லை.

எல்லாம் அந்தப் பங்காருவால் வந்தது. மாட்டுத் தரகனுக்குக் குதிரை வீட்டில் என்ன வேலை? யார் கூப்பிட்டது? வந்தான், சுற்றினான், இடது தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தான், துண்டால் வாயை மூடிக்கொண்டான். "யண்ணா, பெண்டிழந்தான் சுழி கீதுண்ணா. வெச்சிருக்கிறவன் பொண்டாட்டிக்கு ஆகாது. ஓட்டி உட்டுடு" என்றான். நீ காபி டம்ளரோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தாய். மூன்றாம் நாள் வழுக்கி விழுந்தாய். நான்காம் நாள் பையைத் தூக்கிவிட்டாய்.

அது மாட்டுச் சாஸ்திரம், ஜெயா. மாட்டுக்குச் சொன்ன சுழி குதிரைக்கு எப்படிச் செல்லும்?

எனக்கு இது திடீர் ஆசை இல்லை என்பது உனக்கே தெரியும். ஒன்பது வயதில் திருத்தணி பஜாரில் சேட்டு கடைக் காலண்டரில் பார்த்தேன். காது இரண்டும் மேலே வளைந்து, நுனியோடு நுனி தொட்டுக்கொண்டு நின்ற மார்வாரி குதிரை. கடையை விட்டு நகராமல் நின்றதற்கு என் அம்மா முதுகில் வைத்தது ஒன்று. அன்றிலிருந்து நாற்பத்தெட்டு வருஷம். குதிரைமேல் வருகிற சாமியான வேடியப்பனின் பேரை வைத்துவிட்டு என்னைக் கரும்பு வண்டியில் ஏற்றினார்கள். இப்போதுதான் ஒன்று கிடைத்தது. நம் பக்கம் இந்த ஜாதிக் குதிரையை விரல் விட்டு எண்ணலாம்.

வள்ளி என்று பேர் வைத்திருக்கிறேன். சீக்கிரம் வா.

உன்
வேடியப்பன்

*

ஆர்.கே.பேட்டை,
26-8-2024

பாவாவுக்கு,

"அன்புள்ள" போடவில்லை. கவனித்திருப்பீர்கள்.

பிழை ஏழு. சிவப்புப் பேனா இல்லாததால் விட்டேன்.

வள்ளி என்று பேர் வைத்தீர்களாமே. அப்படியானால் நான் தெய்வானை. திருத்தணியில் இது புதிதா என்ன? மலைமேல் இருப்பவராவது இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார். உங்களுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

நான் சுழிக்குப் பயந்து ஓடி வந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அனிதாவிடமும் போனில் அதையே சொன்னீர்களாம். என் தம்பி பெண்டாட்டி எதையும் என்னிடம் மறைக்க மாட்டாள். நான் எதற்குக் கோபித்தேன் என்று உங்களுக்கு நிஜமாகவே தெரியாதா?

சேலத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் பார்க்கப் போகிறேன் என்றீர்கள். வழிக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தேன். அப்பளம் நமத்துவிடும் என்று தனியாக டப்பாவில் வைத்தேன். நீங்கள் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போய், மறுநாள் சாயங்காலம் லாரியில் குதிரையோடு வந்து இறங்கினீர்கள். அப்பள டப்பா லாரியிலேயே போய்விட்டது. என் புளிசாதத்தைத் தின்றுகொண்டே எனக்குத் தெரியாமல் குதிரை பேசி முடித்திருக்கிறீர்கள். ஊரில் எல்லாரும் பார்த்த பிறகு நான் பார்த்தேன். ஆலங்காட்டு மில்லுக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர்காரன் கூட எனக்கு முன்னால் பார்த்துவிட்டு, "யக்கா, குதிரை சூப்பரா கீதுக்கா" என்றான். எந்தக் குதிரை என்று அவனிடம் கேட்டேன். எவ்வளவு அசிங்கம் தெரியுமா?

சின்ன வயதில் என் இரட்டைப் பின்னலைப் பிடித்து "ஹை ஹை" என்று தெரு முழுக்க ஓட்டினவர் நீங்கள். அத்தை மகன் என்று பொறுத்துக்கொண்டு ஓடினவள் நான். உங்கள் குதிரை ஆசை எனக்குத் தெரியாதா? என்னிடம் மறைக்க வேண்டிய ஆசையா அது?

குதிரையா நானா என்று கேட்க மாட்டேன். கேட்டால் யோசிப்பீர்கள்.

எலுமிச்சை ஊறுகாயைத் தினமும் குலுக்கி வெயிலில் வைக்க வேண்டும். பிரஷர் மாத்திரை காலண்டர் பின்னால் ஆணியில் மாட்டிய பையில் இருக்கிறது. அதைச் சாப்பிடாமல் இருந்துவிட்டு மயக்கம் வந்தால், அந்தப் பழியும் குதிரைமேல்தான் விழும்.

கட்டு இன்னும் மூன்று வாரம்.

ஜெயம்மாள்

*

கனகம்மாசத்திரம்,
3-9-2024

அன்புள்ள ஜெயா,

சொல்லாமல் போனது தப்பு. அதற்குச் சாக்கு சொல்ல மாட்டேன். காரணம் மட்டும் சொல்கிறேன். ஐம்பத்தேழு வயதில் ஒரு மனுஷன் பெண்டாட்டி முன்னால் நின்று "எனக்குக் குதிரை வேண்டும்" என்று எப்படிக் கேட்பான்? மூன்று நாள் கேட்கப் பார்த்தேன். ஒரு நாள் நீ கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். "இன்னா வேணும்?" என்றாய். "ஒண்ணுமில்ல, தண்ணி" என்றேன். வெட்கமாக இருந்தது, ஜெயா. நீ சிரித்திருந்தால் என்னால் வாங்கியிருக்கவே முடியாது.

இங்கே நடந்ததைச் சொன்னால் நீ எப்படியும் சிரிக்கப்போகிறாய். சொல்லிவிடுகிறேன்.

சுழி இருந்தால்தானே தொல்லை என்று, என் ஷேவிங் ரேசரை எடுத்து அந்த இடத்தைச் சிரைத்துவிட்டேன். உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று ஆகிவிட்டது. பங்காரு வந்து பார்த்துவிட்டு, "யண்ணா, மயிரை எடுத்தா சுழி பூடுமா? தோல்லயே கீது பாரு" என்றான். பார்த்தால் இருக்கிறது. முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது. இப்போது போகிற வருகிறவர்கள் எல்லாம் குதிரைக்குப் படையா என்று கேட்கிறார்கள். கால்நடை டாக்டரம்மாவிடம் ஓட்டிப்போனேன். "சுழின்னா முடி வளர்ற திசைங்க, வேற ஒண்ணுமில்ல. நீங்க ஏன் சவரம் பண்ணீங்க?" என்று கேட்டுத் தடவ ஒரு மருந்தும் கொடுத்தார்.

அதோடு விட்டேனா? போன செவ்வாய்க்கிழமை திருத்தணி மலை ஏறினேன். முந்நூற்று அறுபத்தைந்து படியும் நடந்தே ஏறி, உன் கைக்காக மொட்டை போட்டுக்கொண்டேன். ஒரே வாரத்தில் எனக்கும் குதிரைக்கும் சவரம். நாங்கள் இரண்டு பேரும் வரப்பில் போனால் ஜனங்கள் நின்று பார்க்கிறார்கள்.

வள்ளியைப் பற்றி எழுதினால் உனக்குக் கோபம் வரும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. காலையில் நான் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பும். அந்தக் காதுகள் முதலில் ஆளுக்கொரு பக்கம் போய், அப்புறம் நுனி சேர்ந்து நிற்கும். அதைப் பார்க்க நாற்பத்தெட்டு வருஷம் காத்திருந்தது வீண் இல்லை. கொடியில் உன் நீலப் புடவை அப்படியே கிடக்கிறது. அதை முகர்ந்துகொண்டு நிற்கிறது. விரட்ட மனசு வரவில்லை.

மாத்திரை சாப்பிடுகிறேன். ஊறுகாயை இரண்டு நாள் மறந்துவிட்டேன். மேலே லேசாக வெள்ளையாக இருக்கிறது. என்ன செய்வது என்று உடனே எழுது.

உன்
வேடியப்பன்

*

ஆர்.கே.பேட்டை,
9-9-2024

அன்புள்ள பாவாவுக்கு,

ஊறுகாயைக் கொட்டிவிடுங்கள்.

சிரித்தேன். அனிதா ஓடி வந்து என்ன என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தேன். அப்புறம் அவளுக்குப் படித்துக் காட்டும்போது பாதியில் அழுகை வந்துவிட்டது. மொட்டைத் தலையில் வெயில் ஏறும். துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

சொல்லாமல் போனதை மன்னித்துவிட்டேன். வெட்கம் என்று எழுதினீர்களே, அதோடு அந்தக் கோபம் போய்விட்டது. இருந்தும் இந்தக் குதிரை இருக்கும்வரை நான் வர மாட்டேன். ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் அம்மா போனபோது எனக்குப் பதினொரு வயது. காய்ச்சல் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் நைனா ஒரு மயிலைக் காளை வாங்கினார். இதே பங்காருவின் அப்பாதான் வந்து பார்த்து, இதே சுழியின் பேரைச் சொன்னார். நைனா சிரித்தார். "மாட்டு மேல எழுதினத உட்டுட்டு மனுஷன் தலையெழுத்த பாருய்யா" என்றார். ஐந்தாவது மாதம் அம்மா போய்விட்டாள்.

காளைதான் அம்மாவைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. பத்தாவது வரை படித்தவள் நான். காய்ச்சல்தான் கொன்றது. ஆனால் நைனா அதற்கப்புறம் அந்தக் காளையைத் தொடவே இல்லை, பாவா. விற்கவும் இல்லை. அடிக்கவும் இல்லை. தண்ணீர் காட்டுவதும் புல் போடுவதும் நானும் வளவனும்தான். அது "ம்மா" என்று கத்தும்போதெல்லாம் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். ஆசைப்பட்டு வாங்கிய காளை அது. வாங்கி வந்த அன்றைக்கு அதன் கொம்புக்கு அவரே எண்ணெய் தடவினார்.

எனக்கு என்றைக்கோ ஒருநாள் எதுவோ வரத்தான் போகிறது. இந்த வருஷமோ, பத்து வருஷம் கழித்தோ. அன்றைக்கு நீங்கள் அந்தக் குதிரையைப் பார்க்கிற பார்வையை என்னால் இப்போதே பார்க்க முடிகிறது. நாற்பத்தெட்டு வருஷ ஆசையும் போய், நானும் போய், தனியாக நிற்பீர்கள். எனக்குச் சாவைப் பற்றிப் பயம் இல்லை. அதைப் பற்றித்தான் பயம்.

இதற்குமேல் எழுத முடியவில்லை.

உங்கள்
ஜெயா

*

கனகம்மாசத்திரம்,
16-9-2024

என் ஜெயாவுக்கு,

மாமா இதை எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மயிலைக் காளை எனக்கு ஞாபகம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதை ஏன் ஏர் பூட்டாமல் கட்டியே வைத்திருக்கிறார் என்று நினைப்பேன். கேட்டதில்லை. நீ பதினொரு வயதிலிருந்து இதை மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். நான் உன் பக்கத்திலேயே இருந்தும் தெரிந்துகொள்ளவில்லை. மாட்டுச் சாஸ்திரம், குதிரைச் சாஸ்திரம் என்று வியாக்கியானம் வேறு எழுதினேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

குதிரையைக் கொடுத்துவிடுகிறேன். புத்தூரிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை 22-ஆம் தேதி வந்து ஓட்டிப்போகிறார். ஏற்கனவே இரண்டு குதிரை வைத்திருக்கிற மனிதர். கல்யாண ஊர்வலத்துக்கு விட மாட்டேன், வீட்டில்தான் வைத்திருப்பேன் என்று சொன்னார். பல்லைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். சவரம் செய்த இடத்தைப் பார்த்துவிட்டு, "இதி ஏமிய்யா?" என்று தெலுங்கில் கேட்டார். சுழி என்றேன். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லையாம். சிரித்துக்கொண்டே தட்டிக் கொடுத்தார்.

நீ இதற்காக வருத்தப்படக் கூடாது. ஒரு மாதத்துக்கு மேல் மார்வாரி குதிரை வைத்திருந்தவன் நம் தாலுகாவில் வேறு யார்? கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் மறுபடியும் தப்பாகிவிடும். நான் இதுவரை அதன்மேல் ஏறவில்லை. ஊரில் எல்லாரும் ஏறு ஏறு என்றார்கள். முதல் தடவை ஏறும்போது நீ வாசலில் நிற்க வேண்டும் என்று வைத்திருந்தேன். பரவாயில்லை. விழுந்து எலும்பு முறிந்தால் வீட்டில் இரண்டு கட்டு ஆகிவிடும்.

திங்கட்கிழமை காலை உன்னை அழைத்துப்போக வருகிறேன். குதிரை வாசனை இருக்காது.

உன்
வேடியப்பன்

*

ஆர்.கே.பேட்டை,
21-9-2024, சனிக்கிழமை

பாவா,

இதை வளவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் குதிரை புத்தூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் உங்களுக்குக் கிடைக்கும். உங்கள் நம்பரை நேற்றே திறந்துவிட்டேன். ஆனால் போனில் உங்கள் குரலைக் கேட்டால் நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது. மேலும் இது விற்கிற வாங்குகிற விஷயம். எழுத்தில் இருக்க வேண்டும்.

புத்தூர்க்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கட்டு பிரித்த கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். நேற்றுக் காலையில் பங்காரு இந்தப் பக்கம் மாடு பார்க்க வந்திருந்தார். வளவனை விட்டுப் பிடித்து வரச் சொன்னேன். காபி கொடுத்து உட்கார வைத்தேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"யண்ணா, அந்தச் சுழி யாருக்கு ஆகாது?"

"வெச்சிருக்கிறவன் பொண்டாட்டிக்கும்மா."

"வெச்சிருக்கிறவன்னா? கொள்ளு வெக்கிறவனா, கழுவுறவனா, ஏறுறவனா?"

"அதெல்லாம் இல்லம்மா. யாரு பேர்ல கீதோ அவன். வாங்கி, கயிறு மாத்திக்கினவன்."

"சரி. அது ஒரு பொம்பளை பேர்ல இருந்தா?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். தலையைச் சொறிந்தார். எங்கள் லூம் நாலு முழம் நெய்து முடிக்கிற நேரம் யோசித்தார். "பொம்பளைக்கு ஏதும்மா பொண்டாட்டி?" என்றார்.

"அதைத்தாண்ணா நானும் கேக்கறேன்."

"அப்ப அந்தச் சுழிக்கு வேலை இல்லம்மா. சும்மா மயிரு" என்று அவர் வாயாலேயே சொன்னார். அனிதா சாட்சி.

ஆகவே, பாவா, குதிரையை எனக்கு விற்றுவிடுங்கள். விலை, இந்த ஒரு மாதமும் நான் உங்களைப் பேசியதெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அதற்குமேல் பேரம் கிடையாது. கயிறு நாங்கள்தான் கொண்டுவர வேண்டும் என்று முறை. விற்கிறவர் பழைய கயிற்றை வைத்துக்கொள்வார். பருத்திக் கயிறு, வளவன் வாங்கிவிட்டான். நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். நீங்களே பிடித்து என் கையில் கொடுக்க வேண்டும். அந்த நிமிஷத்திலிருந்து அது என் குதிரை. உங்களுக்குக் குதிரை இல்லை. நன்றாக யோசித்துச் சம்மதம் எழுதுங்கள். உங்கள் ஆசை, சொந்தமாக ஒரு குதிரை வேண்டும் என்பதுதானே? அதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை. நேற்று இரவெல்லாம் இதே யோசனை. பெண்டாட்டிக்கு ஆகாத சுழி இருக்கிற மாதிரி, புருஷனுக்கு ஆகாத சுழி என்று ஏதாவது இருக்குமா? இன்றைக்கே பங்காருவைக் கூப்பிட்டு, குதிரையை உச்சியிலிருந்து குளம்புவரை பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் எனக்கு வேண்டாம். புத்தூருக்கே போகட்டும்.

பதிலை வளவனிடமே கொடுத்தனுப்புங்கள்.

உங்கள்
ஜெயா

*

கனகம்மாசத்திரம்,
21-9-2024, சாயங்காலம்

என் ஜெயாவுக்கு,

வளவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். நான் சமைத்தது. பாவம், வாய்க்கு வாய் தண்ணீர் குடித்து விழுங்குகிறான்.

ஞானமுத்து மகன் வேடியப்பனாகிய நான், என் வசம் உள்ள ஐந்து வயது மார்வாரிப் பெண் குதிரையை, அதன் வால், குளம்பு, சுழி உள்பட, என் மனைவி ஜெயம்மாளுக்கு முழு மனதோடு விற்கச் சம்மதிக்கிறேன். விலை கட்டுப்படியாகிறது. புத்தூர்க்காரருக்குச் சொல்லிவிட்டேன். "பெண்டாட்டி வாங்கிட்டாங்க" என்றேன்.  அவர், "நீங்க அதிர்ஷ்டக்காரர்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

யோசித்துச் சம்மதம் எழுதச் சொன்னாய். யோசித்தேன். கொஞ்சம் வலித்தது. இல்லை என்று எழுதினால் பொய். கொட்டகைக்குப் போய் அதன் கழுத்தில் கை வைத்து, "நீ என்னுது இல்ல" என்று சொல்லிப் பார்த்தேன். அது என் மொட்டைத் தலையை நக்கியது. அதற்கு ஒன்றும் வித்தியாசம் தெரிந்ததாகத் தெரியவில்லை. அப்புறம் எனக்கும் தெரியவில்லை.

நிபந்தனைக்கு வருகிறேன். பங்காருவைக் கூப்பிட்டேன். வந்தார். அவர் துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு குனிவதற்கு முன்னாலேயே நான் சொல்லிவிட்டேன்: "யோவ் பங்காரு, புருஷனுக்கு ஆகாத சுழி எது இருந்தாலும் நீ பாக்கல. வாயத் தொறந்த, தரகு வேலைக்கு இந்த ஊருக்குள்ள வர முடியாது. அவ கேட்டா ஒண்ணும் இல்லைன்னு சொல்லிக்கினு போ." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இருந்தும் ஒரு மணி நேரம் குதிரையைச் சுற்றி வந்து ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். கடைசியில் என்னிடம், "ஒண்ணும் இல்லண்ணா" என்றார்.

நிஜமாகவே ஒன்றும் இல்லையா, அல்லது நான் சொல்லச் சொன்னதைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் இனி எதையும் மறைப்பதில்லை என்று இருப்பதால் இதையும் எழுதுகிறேன். நான் அவரைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. நீயும் கேட்காதே. எனக்காக நீ ஒரு மாதம் பயந்தது போதும். இனி ஏதாவது பயம் பாக்கி இருந்தால் அது என் பங்கு.

முதல் பஸ் ஏழே காலுக்குச் சத்திரம் வரும். உன் குதிரையைக் கூட்டிக்கொண்டு வந்து ஸ்டாப்பில் நிற்கிறேன்.

உன்
வேடியப்பன்